டொமைன் வாங்குறேன்னு சொன்னவர் பணம் தரலையா? கேஸ் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



வேலைக்குப் போய்க்கொண்டே டொமைன் வாங்கி விற்பவர்கள் இப்போ நிறைய பேர் இருக்காங்க. ஒரு நல்ல பெயரைப் பதிவு செய்து, வருஷா வருஷம் புதுப்பித்து வைத்திருந்து, தேவைப்படுகிறவர் வந்ததும் நல்ல விலைக்கு விற்பது. சம்பளத்துக்கு மேல் ஒரு வருமானம். ஆனா இதில் இறங்கிய பலருக்கும் ஒரு நாள் இந்த அனுபவம் வரும்: "டீல் ஓகே, நாளைக்குப் பணம் போட்டுடறேன்" என்று சொன்னவர், அதற்கப்புறம் போனையே எடுக்க மாட்டார்.

"கேஸ் போடலாமா சார்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம். ஆனா அதற்கு முன் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டொமைன் இப்போ யார் கையில் இருக்கு? நீங்கள் செய்ய வேண்டியது எல்லாமே இதற்கான பதிலைப் பொறுத்தது.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். உங்கள் டொமைனை ₹1,20,000-க்கு வாங்க ஒருவர் சம்மதிக்கிறார். பேசியது எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இமெயிலிலும்தான். பணம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் பேசினது செல்லுமா?

செல்லும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தமும் ஸ்டாம்ப் பேப்பரில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. 2010-ல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில், முறையான பத்திரத்தில் கையெழுத்து ஆகாத நிலையிலும், இமெயிலில் முக்கிய விஷயங்களுக்கு இரண்டு பக்கமும் சம்மதித்துவிட்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனா எந்த டொமைன், என்ன விலை, யார் வாங்குகிறார், அவர் ஒப்புக்கொண்டாரா – இந்த நாலும் உங்கள் சாட்டில் தெளிவாக இருக்க வேண்டும். "இன்ட்ரஸ்ட் இருக்கு ப்ரோ, பார்த்துட்டு சொல்றேன்" என்பது சம்மதம் ஆகாது.

நிலைமை 1: டொமைன் இன்னும் உங்களிடமே இருக்கு

இந்த நிலைமையில் கோபம் ரொம்ப வரும். ஆனா நஷ்டம் குறைவுதான்.

ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறியதால் உங்களுக்கு ஏற்பட்ட உண்மையான இழப்புக்குத்தான் நஷ்ட ஈடு. அந்த இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். இப்போ கணக்கு போடுங்க:

- பேசிய விலை: ₹1,20,000
- வேறொருவருக்கு நியாயமாக விற்றால் கிடைப்பது: ₹90,000
- நீங்கள் கேட்கக்கூடிய அடிப்படை நஷ்ட ஈடு: ₹30,000

பொருளைக் கையில் வைத்துக்கொண்டு முழு ₹1,20,000-ஐ நஷ்ட ஈடாகக் கேட்க முடியாது. "பேசினபடி பணம் கொடுத்து டொமைனை எடுத்துக்கோ" என்று வற்புறுத்தும் உத்தரவு கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு குறித்த நிவாரணச் சட்டத்தில் அந்த வழி இன்னும் வலுவானது. ஆனா ஒரு லட்ச ரூபாய் டொமைனுக்காக அதற்கு ஆகும் காலத்தையும் வக்கீல் செலவையும் யோசிங்க. அந்தக் காலம் முழுக்க டொமைன் விற்க முடியாமல் முடங்கிக் கிடக்கும்.

அதனால என் ஆலோசனை இதுதான். "இந்தத் தேதிக்குள் பணம் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறொருவருக்கு விற்பேன்" என்று நியாயமான கெடு கொடுத்து இமெயில் அனுப்புங்க. கெடு முடிந்ததும் ரத்து செய்துவிட்டதாக இன்னொரு இமெயில். அதுக்கப்புறம் வித்துடுங்க. இந்த இரண்டு இமெயிலும் இல்லாமல் விற்றால், "எனக்கு விற்பதாகச் சொல்லிவிட்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்று அவரே உங்கள் மேல் திரும்பலாம்.

நிலைமை 2: டொமைன் கைமாறிடுச்சு, பணம் வரல

இங்கே உங்கள் நஷ்டம் முழு ₹1,20,000. ஒவ்வொரு நாளும் முக்கியம்.

1. ஆதாரத்தைப் பூட்டுங்க. சாட், இமெயில், டிரான்ஸ்ஃபர் உறுதிப்படுத்தும் மெயில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சேமியுங்க. மின்னணு ஆதாரத்தின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும்னு நினைச்சு சாட்டை அழிச்சுடாதீங்க. பழைய போனையும் விற்காதீங்க.

2. ரெஜிஸ்ட்ராருக்கு அன்றைக்கே எழுதுங்க. டாட் காம் போன்ற பெயர்கள் ஒரு ரெஜிஸ்ட்ராரிலிருந்து இன்னொன்றுக்குப் போனபின், பொதுவாக 60 நாள் மறுபடி ரெஜிஸ்ட்ரார் மாற முடியாது. இது உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். ஆனா அதே ரெஜிஸ்ட்ராருக்குள் வேறு அக்கவுண்டுக்கு மாற்ற வாய்ப்பு உண்டு. வெறும் பணத் தகராறு என்றால் பெரும்பாலும் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்பார்கள். பெரிய தொகை என்றால், டொமைனைக் கைமாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்பது பற்றி வக்கீலிடம் உடனே பேசுங்க.

3. வக்கீல் நோட்டீஸ். தொகை, தேதி, கெடு மூன்றும் இருக்கணும். சும்மா இழுத்தடிப்பவர் பலர் இந்தக் கட்டத்திலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள்.

4. வழக்கு. எழுத்தில் உள்ள ஒப்பந்தம், நிச்சயமான தொகை என்றால், சிபிசி ஆர்டர் 37-ன் கீழ் சுருக்க வழக்கு போடலாம். எதிராளி சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், எதிர்த்து வாதாட நீதிமன்ற அனுமதியும் வாங்க வேண்டும். வணிகத் தகராறில் மதிப்பு ₹3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் வரும். அதில் அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளுக்கு முதலில் சமரச முயற்சி கட்டாயம். பணம் வர வேண்டிய நாளிலிருந்து 3 வருஷம் தான் காலக்கெடு.

5. செக் கொடுத்திருந்தால். அது திரும்பினால் உங்கள் கை ஓங்கிவிடும். பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் 138-வது பிரிவில் புகார். இந்தத் தேதிகளைத் தவறவிடாதீங்க.

போலீஸுக்கு எப்போ போகலாம்?

வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுப்பது பெரும்பாலும் சிவில் பிரச்சினை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. போலி பேமென்ட் ஸ்கிரீன்ஷாட், போலி எஸ்க்ரோ வெப்சைட், பொய்ப் பெயர் – இவை அதற்கான அடையாளங்கள். அப்படி இருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்க, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் கொடுங்க.

இங்கெல்லாம் அலையாதீங்க

- யூடிஆர்பி, ஐஎன்டிஆர்பி: இவை டிரேட்மார்க் உரிமையாளர்களுக்கான வழிகள். விற்பனைப் பணம் வசூலிக்க அல்ல.
- நுகர்வோர் ஆணையம்: நீங்கள் விற்றவர். நுகர்வோர் அல்ல.
- நீங்களே திருப்பி எடுப்பது: பாஸ்வேர்ட் தெரியும் என்று அவர் அக்கவுண்டுக்குள் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றவாளி நீங்கதான்.

செலவுக் கணக்கு

தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் பொதுவாக கேட்கும் தொகையில் 3%. ₹1,20,000-க்கு ₹3,600. வக்கீல் கட்டணமும் நீங்கள் லீவு போடும் நாட்களும் தனி. சின்னத் தொகை என்றால், உங்கள் ஊர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து லோக் அதாலத் மூலம் முயற்சி பண்ணலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, முடிவு எட்டினால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். ஆனா எதிராளியும் சமரசத்துக்குச் சம்மதிக்கணும்.

வாங்கியவர் அமெரிக்காவில் இருந்தால்? இங்கே வாங்கிய தீர்ப்பை அங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது, அங்கேயும் வழக்குத் தொடுக்கணும். ஒரு லட்சத்துக்கு அது கட்டுப்படி ஆகாது.

வரி விஷயம்: முன்பணம் வாங்கி, டீல் முறிந்து, அதை நீங்களே வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம்தான். ஐடிஆரில் காட்டுங்க. வராத பணத்தை ஏற்கனவே வியாபார வருமானமாகக் காட்டி வரி கட்டியிருந்தால், அதை வாராக்கடனாகக் கழிக்க வழி இருக்கு. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்க.

அடுத்த டீலுக்கு நாலு விதி

1. பணம் அக்கவுண்டில் வந்து சேராமல் ஆத் கோடு கொடுக்காதீங்க.
2. பெரிய தொகை என்றால் எஸ்க்ரோ. அவர் அனுப்பும் லிங்க்கில் போகாமல் முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க.
3. கார்டு, வாலட் வழியாக வந்த பணம் பிறகு ரிவர்ஸ் ஆகலாம். வங்கிப் பரிமாற்றம் மேல்.
4. ஒரு பக்க ஒப்பந்தமாவது போடுங்க: பெயர், விலை, கெடு, கெடு தவறினால் என்ன, எந்த ஊர் நீதிமன்றம்.

நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. வழக்குக்கு முன் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்க. அவரிடம் போகும்போது சாட், இமெயில், தேதிகள் எல்லாவற்றையும் வரிசைப்படி ஒரே பிடிஎஃப் ஆக்கி எடுத்துட்டுப் போங்க. உங்கள் கேஸ் எவ்வளவு பலமானது என்பது அந்தப் பிடிஎஃப்பைப் படித்தாலே உங்களுக்கே தெரிந்துவிடும்.