மீண்டும் அந்தப் பிட்டுக் கடைக்கு

பிரெஞ்சு நாட்டிலே 'பிஸ்ட்ரோ' என்னும் ஒருவகை உணவுச்சாலை உண்டு. பெரிய விடுதியன்று, தெருமுனையில் சில மேசைகளோடு அமைந்த சிறு கடை. அன்று சமைத்தவை எவையென்று கரும்பலகையில் எழுதி வைப்பதும் உண்டு. அங்குச் செல்வோர் பெரும்பாலும் புதுமையைத் தேடிச் செல்வதில்லை. சென்ற கிழமை உண்ட அதே சுவை இக்கிழமையும் கிடைக்கும் என்ற உறுதியை நாடியே செல்கின்றனர்.

இத்தகைய கடையைக் காண்பதற்குப் பாரிஸ் மாநகர் வரை செல்லவேண்டுமா? மட்டக்களப்புக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எங்கள் ஆரையம்பதியிலும் ஒன்று உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு வாங்குகள், ஓர் அடுப்பு, சில பிட்டுக் குழல்கள், அவ்வளவே.

பிட்டு எளிய பண்டந்தான். ஆயினும் கவனக்குறைவைப் பொறுக்காத பண்டம். வறுத்த அரிசிமாவில் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைக்கவேண்டும். நீர் மிகுந்தால் கட்டிபடும். குறைந்தால் தொண்டையை அடைக்கும். பின்னர் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறிமாறிக் குழலில் இட்டு ஆவியில் அவிப்பர். நெல் வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் விளைவது. தேங்காய் கிழக்கே எழுவான்கரைத் தோப்புகளில் காய்ப்பது. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று இங்குள்ளோர் வழங்கும் மிதவையே அவ்விடத்தில் இரு கரைகளையும் இணைத்தது.

மதுரையிலே பிட்டு விற்ற வந்தி என்னும் மூதாட்டிக்காகச் சிவபெருமான் மண் சுமந்தார் என்பது திருவிளையாடல். உதிர்ந்த பிட்டே அவருக்குக் கூலி. எங்கள் கடைக்கார அம்மாவும் உதிர்ந்த பிட்டை விற்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை அழைத்துக் கொடுத்துவிடுவார். அவ்வாறு உண்டவர்களுள் நானும் ஒருவன்.

அந்நாட்களில் காத்தான்குடியிலிருந்து நெசவுத் தொழிலாளியொருவர் காலைதோறும் வருவார். என் தந்தையாரும் அவரும் ஒரே வாங்கில் இருந்து உண்பர். தமிழரும் முஸ்லிம்களும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' வாழ்ந்தவர்கள் என்பது கிழக்கிலங்கையின் வழக்கு. 1990 ஆம் ஆண்டின் கொடுமைகளில் இரு சாராரும் உயிர்களைப் பலிகொடுத்தனர். எனக்கு அப்போது பத்து வயது. அதன்பின் அவர் வரவில்லை. அவருடைய இடம் வாங்கில் வெறுமையாகவே கிடந்தது.

2002 ஆம் ஆண்டில் போர்நிறுத்தம் வந்தது. அவ்வாண்டில் ஒருநாட் காலை, நரைத்த தாடியோடு ஒருவர் கடை வாசலில் தயங்கி நின்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன காக்கா, கனநாளாக் காணல்ல? இருங்க, பிட்டு இப்பதான் இறக்கினது."

வேறெதுவும் கேட்கவில்லை. பிட்டும் எருமைத் தயிரும் வாழைப்பழமும் வைத்தார், சீனி வைக்கவில்லை. அவர் சீனி சேர்ப்பதில்லை என்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் அம்மாவுக்கு நினைவிருந்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் நெடுநேரம் உண்டார். என் தந்தையார் சற்றே நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

அம்மா இன்று இல்லை. மகள் கடையை நடத்துகிறார். 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது, அவர் விறகடுப்புக்குத் திரும்பினார். அரிசி விலை ஏறிற்று. புதிய விலையை அட்டையில் எழுதித் தொங்கவிட்டாரேயன்றி, குழலில் இடும் அளவைக் குறைக்கவில்லை.

பல மாதங்களுக்குப் பின் அண்மையில் அங்குச் சென்றேன். அதே வாங்கில் ஓர் இளைஞர் இருந்தார். அந்த நெசவுத் தொழிலாளியின் பேரன் என்று அறிந்தேன். சீனிப் போத்தலை அவர் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்களுக்கு வேணாமா தம்பி?" என்றேன்.

"எங்கட வீட்டில் ஆரும் போடுறல்ல சேர்," என்று சிரித்தார்.

சமாதானத்தைப் பற்றி மேடைகளில் நாம் நிறையப் பேசுகிறோம். மாணவர்களுக்குக் கட்டுரை எழுதவும் கற்பிக்கிறோம். மாறாத அளவோடும் மாறாத முகத்தோடும் நாள்தோறும் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர்கள் அதனைச் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அத்தகைய கடையொன்று இருக்கும். அடுத்த ஞாயிறு காலையிற் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள்.