உஷார்! இரண்டு சுவிட்ச் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தூங்காதீர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டுப் பழைய கிடங்குகளின் மாடியில் மசாலா ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறீர்களா? அங்கே நெட்வொர்க் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? இன்றைக்கே எழுந்து போய் ரேக்கைத் திறந்து பாருங்கள். ஒன்று போனால் மற்றொன்று என்று ஜோடியாக மாட்டிய சுவிட்சுகள் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றனவா? பிரவுசரில் சுவிட்சின் வெப் பக்கம் பச்சை காட்டுகிறது என்பது இதற்குப் பதில் ஆகாது.

இப்படி ஜோடி போடும்போது பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஐபி முகவரி கொடுப்பார்கள். விஆர்ஆர்பி முறையில், மாஸ்டராக இருக்கும் சுவிட்ச் வழக்கமாக நொடிக்கு ஒரு முறை தன் இருப்பை அறிவிக்கும். மூன்று நொடிக்கு மேல் சத்தம் இல்லையென்றால் மற்றது அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. முதல் சுவிட்ச் செத்த பிறகும் அந்த முகவரிக்குப் பிங் போகும், வெப் பக்கம் திறக்கும். யாருக்கும் வேலை நிற்காததால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அன்று முதல் நீங்கள் காற்றில்லாத ஸ்டெப்னியோடு மலை ஏறுகிறீர்கள்.

ஸ்டாக் செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகளையும் ஒரே கருவியாகக் காட்டுவதுதான் ஸ்டாக்கின் வேலையே. சிஸ்கோ கேட்டலிஸ்ட் என்றால் 'ஷோ சுவிட்ச்' கட்டளை கொடுங்கள். இரண்டு வரியிலும் 'ரெடி' என்று வர வேண்டும். ஒன்றில் 'ரிமூவ்டு' என்றிருந்தால் அந்தப் பெட்டி ஸ்டாக்கில் இல்லை. சர்வரிலிருந்து வரும் இரட்டைக் கேபிளும் அப்படித்தான்: ஒன்று அறுந்தாலும் லிங்க் மொத்தமாக 'அப்' என்றே காட்டும். கொச்சியின் உப்புக் காற்றும் ஈரமும் கனெக்டர்களை அரிக்கும், இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய இடி மின்னல் வேறு. இரண்டு சுவிட்சையும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தால் அது ஜோடியே இல்லை.

துணை ஏற்பாடு கைவிடுவது பெரிய இடங்களுக்கே நடந்திருக்கிறது. 2020 அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் ஒரு சேமிப்புக் கருவியின் மெமரி பழுதானது. துணைக் கருவி தயாராக இருந்தும், செட்டிங் தவறாக இருந்ததால் தானாக மாறவில்லை. நாள் முழுக்க வர்த்தகம் இல்லை. 2021 பிப்ரவரி 24 அன்று நம் தேசியப் பங்குச் சந்தை காலை 11.40-க்கு நின்று, மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்பிலும் கோளாறு என்று சந்தையே விளக்கம் சொன்னது. அவ்வளவு வசதி படைத்தவர்களுக்கே அந்தக் கதி.

கண்காணிக்கத் திறந்து வைக்கும் வெப் பக்கமே திருடனுக்கு வாசலாகிவிடும் என்பது அடுத்த பயம். 2023 அக்டோபர் 16 அன்று சிஸ்கோ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஐஓஎஸ் எக்ஸ்ஈ மென்பொருளின் வெப் பக்கத்தில் இருந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல், முழு அதிகாரமுள்ள புதுக் கணக்கை வெளியாள் உருவாக்க முடிந்தது. அபாய மதிப்பீடு பத்துக்குப் பத்து. உலகெங்கும் பல்லாயிரம் கருவிகள் சிக்கின. திருடன் உள்ளே போட்ட தீய நிரல் ரீபூட் செய்தால் போய்விடும், திருட்டுக் கணக்கு போகாது. அதனால் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டேன்' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஸ்டாக்கில் ஒரு வெப் பக்கம் பறிபோனால் இரண்டு சுவிட்சும் பறிபோன மாதிரிதான்.

ஆகவே வெப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், உள்ளே குறிப்பிட்ட ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள். பேட்ச் போட்டிருக்கிறதா, தெரியாத கணக்கு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். விஆர்ஆர்பி ஜோடி என்றால், பொது முகவரியை விட்டு ஒவ்வொரு சுவிட்சின் சொந்த முகவரியையும் தனித்தனியாகக் கண்காணியுங்கள். ஸ்டாக் என்றால் உறுப்பினர் நிலை, பவர் சப்ளை, இரண்டுக்கும் நடுவிலுள்ள லிங்க் ஒவ்வொன்றுக்கும் அலாரம் வையுங்கள். அந்த நடு லிங்க் அறுந்தால் ஒவ்வொன்றும் தன்னையே மாஸ்டர் என்று எண்ணி மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு.

வில்லிங்டன் தீவுத் தேயிலை ஏலம் முதல் புற்றடி, போடி ஏலக்காய் ஏலம் வரை எல்லாம் இன்று கணினி வழியில். ஏலத்தின் நடுவே லைன் போனால் சரக்கு அடுத்தவருக்கு. ஏலம் இல்லாத ஒரு மாலையில், கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஒரு சுவிட்சை நிறுத்துங்கள். அது திரும்ப வந்து நிலையான பிறகு மற்றதை நிறுத்துங்கள். இரண்டு முறையும் உங்கள் போனுக்கு அலாரம் வர வேண்டும். வரவில்லையா? அதைச் சரிசெய்யாமல் அன்றிரவு வீட்டுக்குப் போகாதீர்கள்.