பெயர் வெட்டிய புரதங்கள்

கல்யாண வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்களைப் பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. விளிம்பில் பெயர் வெட்டியவை மட்டும் குழப்பமில்லாமல் வீடு திரும்பும். செல்லுக்குள் ஒரு புரதத்தைத் தேடுகிற ஆய்வாளரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் அங்கே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் அடையாளம் காண உதவுவது ஆன்டிபாடி. நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் இந்தப் புரதம், தன் இலக்கின் மேல் உள்ள ஒரு சின்னஞ்சிறு பகுதியைத்தான் பற்றிக்கொள்ளும். அந்தப் பகுதிக்கு எபிடோப் என்று பெயர். 1941இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஆன்டிபாடியோடு ஒளிரும் வேதிப்பொருளை இணைத்துக் காட்டினார்கள். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை ஆன்டிபாடியை வற்றாமல் சுரக்கும் செல்களை உருவாக்கினார்கள். அதன்பிறகும் ஒரு தடை மிச்சமிருந்தது. புதிதாக ஒரு புரதத்தை ஆராய வேண்டுமென்றால், அதற்கென்று புதிதாக ஓர் ஆன்டிபாடியைத் தயாரித்தாக வேண்டும். பல மாத உழைப்பு. பலன் கிட்டும் என்ற உறுதியும் கிடையாது.

1984இல் அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ஷான் மன்ரோவும் ஹ்யூ பெல்ஹாமும் இந்தப் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். புரதத்துக்கு ஏற்ற ஆன்டிபாடியைத் தேடாமல், கையில் இருக்கும் ஆன்டிபாடிக்கு ஏற்றபடி புரதத்தை மாற்றினார்கள். பழ ஈயின் வெப்ப அதிர்ச்சிப் புரதம் ஒன்றின் மரபணுவில், சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு மூலக்கூறின் சிறு துண்டுக்கான குறியீட்டை ஒட்டினார்கள். செல் அந்தப் புரதத்தை அடையாள வாலோடு சேர்த்தே தயாரித்தது. இந்த வால்தான் இன்று எல்லா ஆய்வகங்களிலும் ‘டேக்’. இன்ஃப்ளூயன்சா வைரஸிலிருந்து எடுத்த ஹெச்ஏ டேக் 9 அமினோ அமிலங்கள் நீளம். மிக் டேக் 10. செயற்கையாக வடிவமைத்து 1988இல் வெளியான ஃப்ளாக் டேக் வெறும் 8. சில நூறு அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் இது ஒரு நகக்கண் அளவு.

டேக்கைப் பெரும்பாலும் வசதி என்றே புகழ்கிறார்கள். ஒரே ஆன்டிபாடியை வாங்கி வைத்துக்கொண்டு நூறு புரதங்களைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய பயன் நேர்மையான ஒப்பீடு. ஆன்டிபாடி எதையோ பற்றி ஒளிர்கிறது என்றால், அது நாம் தேடும் புரதம்தானா? டேக் முறையில் இதற்கு நேரான சோதனை உண்டு. டேக் போடாத அதே செல்லை எடுத்து, அதே ஆன்டிபாடியைச் சேர்க்க வேண்டும். அங்கேயும் ஒளிர்ந்தால் அது பொய் ஒளி. இந்தச் சோதனை ஏன் அவசியம் என்பதற்கு 2023இல் வந்த ஓர் ஆய்வு போதும். 65 நரம்பியல் புரதங்களுக்காகச் சந்தையில் விற்கும் 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதம் நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தன் இலக்கையே அடையாளம் காணத் தவறிய ஆன்டிபாடிகளைப் பயன்படுத்திய ஆய்வுக் கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகச் சுமார் 12 இருந்தன. மனம் பதறவைக்கும் கணக்கு இது.

அப்படியானால் இதே போலப் புரதத்தை நீக்கிச் சோதித்தால் போதாதா, டேக் எதற்கு என்று கேட்கலாம். எல்லாப் புரதத்தையும் நீக்க முடியாது. ஈஸ்ட்டின் மரபணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நீக்கினால் செல்லே செத்துவிடும். டேக் போட்டால் பெரும்பாலும் செல் பிழைத்திருக்கும். 2003இல் ஈஸ்ட்டின் மரபணுக்களில் ஒவ்வொன்றாக டேக் சேர்த்து, 4,200க்கும் மேற்பட்ட புரதங்களை அளந்தார்கள். ஒரு செல்லில் 50 மூலக்கூறுகூட இல்லாத புரதமும், 10 லட்சத்தைத் தாண்டும் புரதமும் ஒரே அளவுகோலில் வந்தன. புரதத்துக்கு ஓர் ஆன்டிபாடி என்று இருந்திருந்தால் இப்படி ஒப்பிட்டிருக்க வழியே இல்லை.

ஆன்டிபாடியிலேயே நேரடியாகச் சாயத்தையோ நொதியையோ இணைப்பதன் அருமை, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தெரியும். வழக்கமான முறையில் முதல் ஆன்டிபாடி டேக்கைப் பற்றும். ஒளி உண்டாக்கும் நொதி இணைத்த இரண்டாம் ஆன்டிபாடி அந்த முதலாவதைப் பற்றும். ஆனால், ஏற்கெனவே ஆன்டிபாடியால் புரதத்தை இழுத்துப் பிரித்தெடுத்த மாதிரியைச் சோதித்தால் சிக்கல். இழுத்த ஆன்டிபாடியின் துண்டுகளும் கரைசலில் கலந்திருக்கும். இரண்டாம் ஆன்டிபாடி அவற்றையும் பற்றி, சுமார் 50 மற்றும் 25 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவில் தடித்த பட்டைகளைக் காட்டும். தேடும் புரதமும் 50 கிலோடால்டன் என்றால் அது அந்தப் பட்டைக்குள் மறைந்துபோகும். நொதி நேரடியாக இணைந்த ஆன்டிபாடிக்கு இரண்டாமவர் தேவையில்லை; அந்தப் பொய்ப் பட்டைகளும் தோன்றுவதில்லை. இதில் ஒளி குறையும் என்ற வாதம் சரியே. ஒரு முதல் ஆன்டிபாடியில் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் ஒட்டி ஒளியைப் பெருக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. மிக அரிதான புரதம் என்றால் பழைய முறையே மேல்.

கனமான ஆட்சேபம் வேறு: டேக் ஒட்டிய புரதம் பழைய புரதம்தானா? இதற்கு விடையும் மன்ரோ, பெல்ஹாமிடமே இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னலில் தங்கும் ஜிஆர்பி78 என்ற புரதத்தின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள்தான் அதை அங்கே நிறுத்தி வைக்கின்றன என்று 1987இல் காட்டினார்கள். அந்த நான்கை நீக்கினால் புரதம் செல்லைவிட்டு வெளியேறியது. நீக்காமல், அவற்றுக்குப் பின்னால் வேறு அமினோ அமிலங்களை ஒட்டினாலும் வெளியேறியது. ஆக, இத்தகைய புரதத்தின் கடைசி முனையில் டேக்கை ஒட்டினால், அது இருக்கும் இடத்தையே தவறாகக் காண்போம். ஹெச்ஏ டேக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்போது காஸ்பேஸ் நொதிகள் அந்த டேக்கையே வெட்டிவிடும். புரதம் அங்கேயே இருக்க, அது காணாமல் போனதாக நாம் நினைப்போம். அளவுக்கு மீறிப் புரதத்தைத் தயாரிக்க வைப்பதால் வரும் தவறுகள் இன்னொரு வகை. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்தபின் செல்லின் சொந்த மரபணுவிலேயே டேக்கைச் செருகி, அதைப் பெருமளவு தவிர்க்கிறார்கள்.

இந்தக் குறைகள் எல்லாமே சோதித்துப் பார்க்கக்கூடியவை என்பதுதான் என் பதில். டேக்கை மறுமுனைக்கு மாற்றிப் பார்க்கலாம். வேறு டேக் போட்டுப் பார்க்கலாம். டேக் ஒட்டிய புரதம் மட்டும் இருக்கும் செல் பிழைக்கிறதா என்று பார்க்கலாம். இனம் தெரியாத ஆன்டிபாடியின் பொய்யைக் கண்டுபிடிக்க இத்தனை வழிகள் இல்லை. ஆய்வு மாணவர்களும் கட்டுரைகளை மதிப்பிடுபவர்களும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் முதலில் தேட வேண்டியது, டேக் போடாத செல்லின் வெற்று வரிசையை. அந்த வரிசை இல்லாத படத்தை ஆதாரமாக ஏற்கக் கூடாது.