பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் கல்லூரி இடமும்

மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், நம் கடன் சங்கங்களின் நகைக்கடன் பதிவேடுகளில் "படிப்புச் செலவு" என்ற காரணம் அடிக்கடி தென்படத் தொடங்குகிறது. பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் பெறுவதை நாம் குறை கூறவில்லை. ஆனால், கிடைத்த மதிப்பெண்ணுக்கு அரசு நடத்தும் கலந்தாய்விலேயே இடம் வருமா என்று விசாரியாமல், நிர்வாக ஒதுக்கீட்டுக்கென்று தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டு வரும் அங்கத்தினர்களைக் காணும்போது, இம்மதிப்பெண் கணக்கைச் சற்று விளக்குவது அவசியமெனத் தோன்றுகிறது.

"என் மகன் 600க்கு 540" என்று தந்தையார் பெருமையுடன் கூறுவார். பொறியியல் கல்லூரிக்கு அந்த 540 பயன்படுவதில்லை. பால் சங்கத்தில் லிட்டரை மட்டும் பார்த்தா விலை போடுகிறார்கள்? கொழுப்பையும் இதர சத்தையும் சோதித்தல்லவா போடுகிறார்கள்! அதுபோலவே இங்கும் மூன்று பாடங்களே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கணிதத்தில் பெற்ற மதிப்பெண் முழுமையாக 100க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50க்குமாகச் சேர்ந்து 200 ஆகின்றன. இதையே பிள்ளைகள் "கட் ஆஃப்" என்கிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மாணவர் மொத்தம் 540. அதில் கணிதம் 82, இயற்பியல் 90, வேதியியல் 92. அவருடைய கட் ஆஃப் 82, 45, 46 சேர்ந்து 173. மற்றொரு மாணவி மொத்தம் 510தான். ஆனால் கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 86. அவருக்கு 96, 44, 43 சேர்ந்து 183. மொத்தத்தில் முப்பது குறைந்தவர் தரவரிசையில் முன்னே நிற்கிறார். கணிதத்தில் தவறும் ஒரு மதிப்பெண் ஒன்றாகவே குறையும். மற்ற இரண்டில் தவறினால் அரைதான் குறையும். இருவர் சமமாக வந்தாலும் முதலில் கணிதத்தையும் பிறகு இயற்பியலையும் பார்த்தே முன்பின் தீர்மானிக்கிறார்கள். ஆகவே கணித விடைத்தாளில் ஐயம் இருப்பின் நகல் பெற்று மறுமதிப்பீடு கோருவது வீண்செலவன்று. அதற்குரிய அவகாசம் சில நாட்களே என்பதை நினைவிற்கொள்க.

இந்த 200 கணக்கு முன்பும் இருந்தது. அப்போது அதனுடன் நுழைவுத் தேர்வின் 100ம் சேர்ந்து 300க்குத் தரவரிசை அமைந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2007 முதல் நுழைவுத் தேர்வு நீங்கியது. நகரத்துப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத நெசவாளர், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி என்பதே நம் கருத்து. மருத்துவத்தில் நிலைமை வேறு. 2017 முதல் நீட் தேர்வின் தரமே இடத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளி மதிப்பெண் தகுதிக்கு மட்டுமே.

வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு நான்கு பாடங்களும் சமமாகப் பாதியாக்கப்பட்டு 200 ஆகின்றன. எனவே கணிதத்துக்கு அங்கே தனிச்சலுகை இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 பார்க்கப்படுகிறது. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும். இவையெல்லாம் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்ற அன்றைக்கே யோசிக்க வேண்டியவை. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்ட பிள்ளை பின்னர் பொறியியலுக்கு ஆசைப்பட்டால் மேற்சொன்ன 200ஐக் கணக்கிடவே வழியில்லை.

"கட் ஆஃப்" என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வழங்குகிறது, குழப்பம் இங்கேதான். ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில், ஓர் இன ஒதுக்கீட்டில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணையும் அப்படியே அழைக்கிறார்கள். அது யாரும் முன்கூட்டி விதித்த எல்லையன்று. ஆண்டுதோறும் ஏறும், இறங்கும். ஒரே கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பத்துக்கு ஓர் அளவு, கணினிக்கு வேறோர் அளவு. "அந்தக் கல்லூரிக்கு 190 வேண்டுமாம்" என்ற பேச்சைக் கேட்டு மனந்தளர்வது சரியன்று.

கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. விருப்பப் பட்டியலில் பெரிய கல்லூரிகளை முதலில் எழுதினால் சிறியதும் கைநழுவிவிடும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வாறில்லை. பிள்ளையின் முறை வரும்போது பட்டியலின் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தையே ஒதுக்குவார்கள். விரும்பும் வரிசையிலேயே, சேரச் சம்மதமான எல்லாவற்றையும் எழுதுக. தனியார் கல்லூரிகளும் தம் இடங்களில் 65 சதவீதத்தை, சிறுபான்மைக் கல்லூரிகளாயின் 50 சதவீதத்தை, இக்கலந்தாய்வுக்கு அளிக்கின்றன. அவ்விடங்களுக்கு நிர்ணயித்த கட்டணமே உண்டு. அதே வகுப்பறையில் அதே பெஞ்சிக்கு நகையை அடகு வைத்துக் கூடுதலாகக் கொடுப்பானேன்?

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே பயின்றோருக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேரா. குடும்பத்தில் முதல் பட்டதாரியாயின் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை தனியே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்றைப் பள்ளிகளிலும், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தும், தேர்வு முடிவு வருமுன்பே பெற்று வைத்துக்கொள்க.