‘எவரும்’ என்னும் சொல்லும் ஆங்கில எதிர்மறையும்

‘எவரும் வரலாம்’ என்கிறோம். ‘எவரும் வரவில்லை’ என்றும் கூறுகிறோம். நம் மொழியில் ‘எவரும்’ இரண்டிற்கும் பொது; எதிர்மறையைத் தாங்குவது வினையே. ஆங்கிலமோ அச்சுமையைப் பெயரின்மேல் ஏற்றி, வினையை உடன்பாடாகவே விட்டுவிடுகிறது: ‘நோபடி கேம்’. இவ்வேறுபாட்டை உணராத மாணாக்கர், தாய்மொழிப் பழக்கத்தால் வினையிலும் ‘நாட்’ சேர்த்து, ‘நோபடி டிட் நாட் கம்’ என்றெழுதுவர். தேர்வுக்கு எவரும் வரவில்லை என அறிவிக்க எண்ணியவர், வராதார் ஒருவருமிலர் என்று அறிவித்துவிடுகிறார்! ‘எனிபடி டிட் நாட் கம்’ என்பதும் வழுவே. எதிர்மறை முன்வரின் ‘எனிபடி’ பொருந்தும்: ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’.

‘எல்லாரும் அறிவர்’ எனப் பன்மையில் முடிக்கிறோம். ‘எவ்ரிபடி’ ஒருமை வினையையே கொள்ளும். ஆதலின் சாதாரண நிகழ்காலத்தில் ‘நோஸ்’ என ஈற்றில் ‘ஸ்’ பெறும். இறந்தகாலத்தில் இத்தொல்லை இல்லை. ‘வாஸ்’, ‘வேர்’ நீங்கலாக, வினை எவ்விடத்தும் ஒன்றே.

‘அறிவர்’ என்பது வடிவால் எதிர்காலம். ஈண்டு உணர்த்துவதோ இயல்பை. ‘கதிரவன் கிழக்கில் உதிக்கும்’ என்பதும் அத்தகையதே. அதனை ஆங்கிலத்தில் பெயர்க்குங்கால் ‘வில்’ வேண்டுவதில்லை. சாதாரண நிகழ்காலமான ‘ரைசஸ்’ என்பதே அமையும்.