செல்லுலோஸ் இழையைத் திருப்புவது எது?

பாக்டீரியாவின் செல்லுலோஸ் உற்பத்தி பற்றிய கணினி ஆய்வுகளில், செல்லுலோஸைக் கணினியே செய்கிறதா, பாக்டீரியா செய்வதைக் கணினி படம்பிடிக்கிறதா என்று வாசகர்கள் பலர் குழம்பி எழுதியிருப்பதாலும், இப்பக்கம் இன்று மாலையே அச்சுக்குப் போயாக வேண்டியிருப்பதாலும், சாரமான கேள்வி ஒன்றை மட்டும் விஸ்தாரமாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

கணினியில் நடப்பது என்ன?

அணுக்களின் ஸ்தானங்களை வைத்துக்கொண்டு, அவற்றிடையே உள்ள விசைகளைக் கணக்கிட்டு, ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஓரிரு கூறு நேரத்துக்கு அவற்றை நகர்த்தி, மறுபடியும் கணக்கிடுவதே இந்த வித்தை. பாக்டீரியா முழுவதும் கணினிக்குள் உயிர்பெற்றுவிட்டதுபோல் ஆராய்ச்சி ஸ்தாபனங்களின் அறிவிப்புகள் பேசினாலும், அங்கிருப்பது செல்லுலோஸைக் கட்டும் ஒரு நொதியும், அதைச் சூழ்ந்த சவ்வின் ஒரு துண்டும், நீருமே. கிடைப்பதும் பிரத்தியட்சமன்று, அநுமானமே.

அந்த அநுமானம் எதற்கு விடை?

குளுக்கோஸ் சங்கிலியான செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முன்னதற்கு எதிர்முகமாக, அரைவட்டம் திரும்பி நிற்கிறது. மல்லிகையை எதிரெதிராக வைத்துத் தொடுப்பவளுக்குத் திருப்பி வைக்கக் கைகள் உண்டு. ஒரு சமயத்தில் ஒரே குளுக்கோஸைச் சேர்க்கும் நொதிக்கோ அப்படி ஏதுமில்லை. ரோடோபாக்டர் ஸ்பீராய்டஸ் என்னும் பாக்டீரியாவின் நொதியமைப்பை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் யோகென் ஸிம்மர் குழுவினர் 2013-இல் வெளியிட்டதை ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தின் பிராண்டன் நாட், கிரெக் பெக்கம் முதலியோர் ஸிம்மருடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட கணிப்பு சொல்வது இது: புதிய குளுக்கோஸ் முன்னதன் முகத்தோடு ஒத்தபடியே ஒட்டிக்கொண்டாலும், இழை ஓர் அலகு முன்னேறிச் சவ்வினூடே செல்லும் சுரங்கத்தின் வாயிலில் நுழைகையில், அங்குள்ள இடநெருக்கடிக்கு இசைய, கடைசி அலகு தானாகவே சுழன்றுவிடுகிறது. முன்னேற்றத்தால் மோலுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் ஆற்றல் தணிவதால், இழை சுலபமாக நகர்கிறது.

என்னைக் கவலையுறச் செய்வது காலம். நொதி ஒரு சுற்று முடிக்கும்வரை கணினி பொறுமையாகப் பின்தொடர இயலாமையால், இழை செல்லும் பாதையை ஆராய்ச்சியாளரே வகுத்து ஆற்றலைக் கணக்கிடுகின்றனர். வகுத்த பாதை பிழையாயின் கணக்கும் பிழையே.

இழை நகர்வதற்குச் சோதனைச் சான்று உண்டா?

உண்டு: 2016-இல் ஸிம்மர் குழுவினர் படிகத்துக்குள்ளேயே நொதியை இயக்கி, இழையின் நுனியைத் தொடும், விரல் போன்ற ஒரு சுருள் மேலும் கீழும் அசைவதைக் கண்டனர்.

பிற பாக்டீரியாக்களுக்கும் பொருந்துமா?

இழையோடு நெருங்கி உறவாடும் 25 அமினோ அமிலங்களில் 20 பெரிதும் மாறாதவையாதலால், எதிர்பார்க்கலாம்.

நொதியை முடுக்குவது எது?

1987-இல் ஜெரூசலத்தில் மோஷே பென்சிமன் குழுவினர் அறிவித்த சைக்ளிக் டை-ஜி.எம்.பி. என்னும் மூலக்கூறு.

இனிச் சோதனை எதற்கு?

வாயிலிலுள்ள ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் இழை திரும்புவது தடைப்படுகிறதா என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும்.