படுகளத்தில் எழும் வீரர்

பாடம் முடிந்து மணியடித்த பின்னும் மாணவனொருவன் என் மேசையருகே தயங்கி நின்றான். மாத்தளையை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலிருந்து வருபவன். "ஐயா, சங்கர் பன்றியைக் குத்துவதைப் பாருங்கள்" என்று தன் கைத்தொலைபேசியை நீட்டினான். கொம்பன் என்னும் பெரும்பன்றி மண்ணைக் கிளறிப் பாய்ந்து வர, சின்னண்ணன் சங்கர் எதிர்நிற்கும் காட்சி அசையும் சித்திரமாக ஓடிற்று. பாத்திரங்கள் பேசியது தமிழ். எத்தனை முறை பார்த்தாய் என வினவினேன், எண்ணவில்லை என்றான். தாத்தாவின் தோட்டத்துக் கூத்தில் வந்த பன்றியைவிட இது பெரிது என்றும், ஆயினும் அந்தக் கூத்துப் பன்றிக்கே தான் அஞ்சி ஓடியதாகவும் சொல்லிச் சிரித்தான்.

அவன் காட்டிய தொடரின் வரலாறு சுவையானது. பிரெண்டா பெக் என்னும் கனடிய மானிடவியல் அறிஞர், 1965ஆம் ஆண்டில் கொங்கு நாட்டின் காங்கேயம் வட்டாரத்துச் சிற்றூரொன்றில் தங்கி, உடுக்கடித்துப் பாடும் பாடகர் வாயிலாக அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அதுபற்றி ஆங்கிலத்தில் ஆய்வுநூல் எழுதினார். 1992இல் பாடலின் மூலமும் மொழிபெயர்ப்பும் சென்னையில் அச்சேறின. அறிஞர்தம் அலமாரியோடு அக்கதை நின்றுவிடலாகாதென்று கருதினார் போலும். பின்னாளில் அதனை 26 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைத்தளித்தார்.

உடுக்கையில் பிறந்த கதையைச் சித்திரமாக்குதல் முறையோ எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கட்கு நம் இலக்கிய வரலாறே விடை பகரும். பாரதத்தைப் பெருந்தேவனார் பாடினார்; அது போதுமென்று வில்லிபுத்தூரார் வாளாவிருந்தாரில்லை; அவருக்குப் பின் நல்லாப்பிள்ளையும் பாடினார். அண்ணன்மார் கதையையே கலைஞர் மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்னும் நாவலாக்கினார். அது 2011இல் திரைப்படமும் ஆயிற்று. மேல்நாட்டாரும் இவ்வாறே செய்கின்றனர். 1938இல் சித்திரக்கதையிற் பிறந்த சூப்பர்மேன் 1941இல் திரையில் அசையத் தொடங்கினான். இன்றுவரை அவனைப் புதுக்கிய வண்ணமே உள்ளனர். 1992இல் தொடங்கிய எக்ஸ்-மென் சித்திரத் தொடரை 2024இல் மீண்டும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தனர். சிறுவராய் அதனைக் கண்டவர்கள் தம் மக்களோடு அமர்ந்து கண்டு மகிழ்ந்தனர். வீரன் ஒருவன் பல தலைமுறை வாழ வேண்டுமாயின், ஒவ்வொரு தலைமுறையும் அவனைப் புதிதாகப் படைத்தல் வேண்டும்.

பொன்னரும் சங்கரும் நமக்கு அயலாரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். ஏடும் எழுதுகோலும் கொண்டுவர இயலாத அம்மக்கள், கதையை நெஞ்சிலே சுமந்து வந்தனர். காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கர் கூத்தும் மலையகத்தில் வேரூன்றியது அவ்வாறே.

ஈண்டு என் பிழையொன்றையும் கூறல் வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், வேறொரு மாணவன் தோட்டத்துக் கூத்தில் சங்கர் வேடங்கட்ட இரண்டு நாள் விடுமுறை கேட்டான். அவன் தந்தையே கூத்துப் பழக்குபவர். "நன்னூற் சூத்திரம் நாவில் நிற்கவில்லை, கூத்து ஒரு கேடா?" என்று கடிந்தேன். அவன் வேடங்கட்டவில்லை. சில ஆண்டுகளில் தந்தையார் காலமானார். அவர் பாடிய பாட்டுக்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவரோடு அவையும் போயின. கடல் கடந்து வந்த ஒரு கனடிய மாது பல இரவுகள் கண்விழித்துக் கேட்டுக் காத்த செல்வத்தை, காலடியிற் கிடந்தும் இலக்கியமன்றென்று தள்ளிய பண்டிதன் யான். மாணவன் நீட்டிய தொலைபேசியை நோக்கியபோது என் உள்ளத்தை உறுத்தியது இதுவே.

சித்திரத் தொடர் தரவியலாத ஒன்று கூத்தில் உண்டு. அதுவே படுகளம். சங்கரும் பொன்னரும் மாண்டுகிடக்க, தங்கை தங்காள் தேடி வந்து அரற்றி அவர்களை உயிர்ப்பிக்கிறாள். எழுந்து சில சொற் பேசிய வீரர் மீண்டும் மாண்டு போகின்றனர். திரையில் இதனைக் காண்பவன் கண்கலங்கலாம். கூத்துக் களத்திலோ, விழுந்து கிடப்பவன் நேற்றுவரை நம்மோடு கொழுந்து மடுவத்தில் நின்ற அண்ணன். அவன் எழும்வரை ஊரே மூச்சடக்கி நிற்கும். அதனாலன்றோ சிறிய பன்றிக்கும் அச்சிறுவன் அஞ்சி ஓடினான்!

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சித்திரத் தொடரை மாணவர் பார்ப்பதைத் தடுக்க வேண்டா, உடனமர்ந்து பாருங்கள். பார்த்தபின், "உன் தோட்டத்தில் இதனைப் பாடத் தெரிந்தவர் எவரேனும் உளரோ?" என்று ஒரு வினா எழுப்புங்கள். யானும் அவ்வாறே கேட்டேன். தாத்தாவுக்குத் தெரியும் என்றான் மாணவன். குரல்தான் முன்போல் எழுவதில்லையாம். காட்சி காட்டிய அத்தொலைபேசியிலேயே அவர் பாடுவதைப் பதிவு செய்துவரச் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை யானும் உடன் செல்கிறேன். நன்னூல் அதுவரை காத்திருக்கும்.